வீட்டு சோலார் சார்ஜ் கன்ட்ரோலர்: பட்டர்வொர்த் வீட்டில் பயன்படுத்திப் பார்த்தபின் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு மலேசியாவின் பினாங்கில் கொட்டிய மழை பலருக்கு நினைவிருக்கும். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) தண்ணீர் வாசற்படிவரை ஏறியது. மின்சாரமும் போய்விட்டது. அம்மாவுக்கு ஆஸ்துமா. நெபுலைசர் போட வழியில்லாமல் விடியும்வரை அவர் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அடுத்த ஆண்டே கார் போர்ச் கூரைமேல் சோலார் தகடு ஏற்றினேன். முதலில் போட்ட கன்ட்ரோலர் ஒரு பேட்டரியைக் கொன்றது. இப்போது இருப்பது விக்ட்ரான் நிறுவனத்தின் ஸ்மார்ட்சோலார் எம்பிபிடி 100/30. உறவினர்களும் கோயில் நண்பர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு என் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். நான் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். கன்ட்ரோலர் விற்பவன் அல்ல.

கன்ட்ரோலர் எதற்கு? தகட்டை நேராகப் பேட்டரியில் மாட்டினால் ஆகாதா?

ஆகாது. 12 வோல்ட் தகடு என்று விற்கப்படுவதில் கம்பி எதுவும் மாட்டாமல் அளந்து பாருங்கள், 21 அல்லது 22 வோல்ட் காட்டும். 12 வோல்ட் ஈய அமில பேட்டரிக்கு 14.4 வோல்ட்டைத் தாண்டி நாள்முழுக்க ஏற்றிக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து போய்விடும். எங்கே நிறுத்துவது, எங்கே மெதுவாக்குவது என்று பார்த்துக்கொள்வதுதான் கன்ட்ரோலரின் வேலை. இரவில் பேட்டரியிலிருந்து தகட்டுக்குக் கரண்ட் திரும்பிப் போகாமலும் அது தடுக்கும்.

உங்கள் வீட்டில் என்னென்ன இருக்கிறது?

410 வாட் தகடு ஒன்று, 100/30 கன்ட்ரோலர், 12.8 வோல்ட் 100 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, 300 வாட் இன்வர்ட்டர். இதில் அம்மா அறையின் டிசி காற்றாடி, வைஃபை பெட்டி, மூன்று எல்இடி விளக்கு, போன் சார்ஜ், நெபுலைசர் எல்லாம் ஓடுகின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 650 வாட் மணி செலவாகிறது. பேட்டரி கொள்வது 1,280 வாட் மணி. வெயிலே இல்லாவிட்டாலும் கிட்டத்தட்ட இரண்டு நாள் ஓட்டலாம்.

எம்பிபிடி வகைக் கன்ட்ரோலர் வாங்கினால் 30 சதவீதம் கூடுதல் மின்சாரம் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா?

எந்தத் தகட்டோடு, எந்த ஊரில் என்பதைச் சொல்லாமல் அந்த எண்ணைச் சொல்லவே கூடாது. நம் ஊர்க் கணக்கு வேறு என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பிடபிள்யூஎம் என்ற பழைய வகைக் கன்ட்ரோலர் ஒரு சுவிட்ச் மாதிரி. தகட்டைப் பேட்டரியோடு சேர்க்கும், விடும், சேர்க்கும். சேர்ந்திருக்கும் நேரத்தில் தகடும் பேட்டரியின் வோல்ட்டேஜுக்கே இறங்கிவிடும். எம்பிபிடி அப்படியல்ல. தகடு எந்த வோல்ட்டேஜில் அதிக வாட் தருகிறதோ அதில் அதை ஓடவிட்டு, மிச்ச வோல்ட்டேஜை ஆம்பியராக மாற்றிப் பேட்டரிக்குக் கொடுக்கும்.

36 செல் கொண்ட சின்னத் தகட்டை எடுத்துக்கொள்வோம். 25 டிகிரியில் அது 18 வோல்ட்டில் உச்ச வாட் தரும் என்று பின்புறம் ஒட்டியிருக்கும். ஆனால் பட்டர்வொர்த் மதிய வெயிலில் தகட்டின் செல்கள் 60 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் வோல்ட்டேஜ் குறையும். 35 டிகிரி ஏறினால் 14 சதவீதம் போய்விடும். 18 வோல்ட் 15.5 ஆகிவிட்டது. பேட்டரியோ 13.7 வோல்ட்டில் நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் மிச்சமே கொஞ்சந்தான். கன்ட்ரோலரின் சொந்த இழப்பையும் கழித்தால் எம்பிபிடியால் கிடைக்கும் ஆதாயம் 10 சதவீதம் அளவுதான். தகடு குளிர்ந்தே இருக்கும் பனி நாடுகளில் 30 சதவீதம் சாத்தியம். நமக்கு அது பொருந்தாது.

ஆகவே 100 வாட் சின்னத் தகடு ஒன்றை வைத்து இரண்டு விளக்கு எரியவிடுபவருக்கு நல்ல பிடபிள்யூஎம் போதும். நான் அவரிடம் எம்பிபிடி வாங்கச் சொல்வதில்லை.

ஆனால் வீட்டுக் கூரைகளுக்கென்று வரும் பெரிய தகடு என்றால் கதையே வேறு. என்னுடைய 410 வாட் தகடு 31 வோல்ட்டில் 13 ஆம்பியர் தருகிறது. இதைப் பிடபிள்யூஎம்மில் மாட்டினால் அதே 13 ஆம்பியர்தான் பேட்டரிக்குப் போகும். 13.3 வோல்ட்டில் அது 173 வாட். பாதிக்கு மேல் வீண். எம்பிபிடியில் அதே தகடு கிட்டத்தட்ட 30 ஆம்பியர்வரை கொடுக்க முடியும். ஒரு வாட்டுக்கு எவ்வளவு விலை என்று பார்த்தால் பெரிய தகடுதான் மலிவு. அதைப் பயன்படுத்த முடிவதே எம்பிபிடியின் உண்மையான ஆதாயம்.

நான் வாங்கியதில் எம்பிபிடி என்று அச்சடித்திருக்கிறது. அது அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்விக்கு நான் காசு கொடுத்துப் பாடம் படித்தேன். 2018இல் நான் முதலில் வாங்கிய பெட்டியின் மேலும் எம்பிபிடி என்றுதான் இருந்தது. கையில் தூக்கினால் சோப்புக்கட்டி எடைகூட இல்லை. அப்போது எனக்குச் சந்தேகம் வரவில்லை.

சோதிக்க ஒரு மல்ட்டிமீட்டர் போதும். காலை 10 மணிக்கு மேல், பேட்டரி பாதி காலியாக இருக்கும்போது, முதலில் கன்ட்ரோலரில் பேட்டரி முனைகளின் வோல்ட்டேஜை அளக்கவும். அப்புறம் தகட்டு முனைகளில் அளக்கவும். இரண்டும் ஏறத்தாழ ஒரே எண் என்றால், வெளியே எது அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பது பிடபிள்யூஎம். பேட்டரியில் 13.2, தகட்டில் 29 என்பதுபோல் விலகியிருந்தால் அது எம்பிபிடி. பேட்டரி நிறைந்தபின் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அப்போது எந்த வகையானாலும் தகட்டு வோல்ட்டேஜ் ஏறிவிடும், ஏமாந்துபோவீர்கள்.

என் பெட்டியில் இரண்டும் ஒரே எண்ணாக இருந்தன. திறந்து பார்த்தேன். எம்பிபிடிக்குக் கட்டாயம் வேண்டிய கனமான செம்புக் கம்பிச் சுருளே இல்லை. அதைவிட வருத்தம் என்னவென்றால், அது 15.1 வோல்ட்வரை ஏற்றிக்கொண்டிருந்தது. போர்ச் பக்கம் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது என்று அம்மாதான் முதலில் சொன்னார். எலி செத்துக் கிடக்கிறது என்று தேடினோம். பேட்டரி மூடியைக் கழற்றினால் உள்ளே ஈயத் தகடுகள் தெரியுமளவுக்குத் தண்ணீர் வற்றியிருந்தது. 100 ஆம்பியர் மணி பேட்டரி, 14 மாதம்கூட வரவில்லை.

விக்ட்ரான் 100/30இல் உங்களுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன?

பெயரில் உள்ள 100 என்பது தகட்டுப் பக்கம் தாங்கும் உச்ச வோல்ட்டேஜ், 30 என்பது பேட்டரிக்குக் கொடுக்கும் உச்ச ஆம்பியர். 12 வோல்ட் பேட்டரியோடு 440 வாட் தகடுவரை முழுதாகப் பயன்படுத்தும். 24 வோல்ட் என்றால் 880 வாட். எது மாட்டியிருக்கிறது என்று தானே கண்டுகொள்ளும். மாற்றும் திறன் 98 சதவீதம், உத்தரவாதம் 5 ஆண்டு.

எனக்கு அதன் மேல் மரியாதை வந்தது ஒரே காரணத்தால். சொன்ன வோல்ட்டேஜில் நிற்கிறது. 14.2 என்று வைத்தால் என் மீட்டரிலும் 14.2 தான். இரண்டு ஆண்டுக்கு மேலாக மாதம் ஒருமுறை அளக்கிறேன், நகரவில்லை. பேட்டரியின் ஆயுள் இந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது. புளூடூத் வழியாகப் போனில் கடந்த 30 நாள் கணக்கையும் காட்டும். அம்மாவே காலையில் போனைப் பார்த்து, "நேத்து மழைடா, பாதிதான் ஏறியிருக்கு" என்கிறார்.

சில குறைகளையும் சொல்ல வேண்டும். கன்ட்ரோலரில் திரை இல்லை. போன் இல்லாத பெரியவர் வீட்டில் வெறும் விளக்குகளைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். விலை, சாதாரணக் கன்ட்ரோலரைவிடப் பல மடங்கு. இன்னொன்று, பலர் வாங்கியபின்தான் கவனிக்கிறார்கள்: 100/20வரை உள்ள சின்ன மாடல்களில் விளக்கு மாட்டுவதற்குத் தனி முனை உண்டு, 100/30இல் கிடையாது. ஆகவே பேட்டரி தாழ்ந்தால் விளக்கையும் காற்றாடியையும் துண்டிக்கும் வேலையை வேறொன்று செய்ய வேண்டும். என் பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சுற்று அதைச் செய்கிறது. ஈய அமில பேட்டரி வைத்திருப்பவர் தனியாக ஒரு துண்டிப்பான் வாங்கியாக வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

வரிசை வீடுகளில் புளூடூத் சுவர் தாண்டிப் போகும். அதன் ரகசிய (PIN) எண்ணை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

வாங்கி மாட்டினால் போதுமா, எதையாவது மாற்றி அமைக்க வேண்டுமா?

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெட்டியிலிருந்து வரும்போது அது ஈய அமில பேட்டரிக்கு அமைக்கப்பட்டிருக்கும்: 14.4 வோல்ட்வரை ஏற்றி, பிறகு 13.8இல் தாங்கிப் பிடிக்கும். சூடு ஏற ஏற வோல்ட்டேஜைக் குறைக்கும் ஏற்பாடும் இயங்கும், ஒரு டிகிரிக்கு 16 மில்லிவோல்ட் வீதம். ஈய அமிலத்துக்கு அந்தக் குறைப்பு மிக அவசியம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அந்த பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஆண்டு முழுக்க 32 டிகிரியில் இருக்கும் நம் போர்ச்சில் அது எவ்வளவு கஷ்டப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் ஆப்பில் அந்த வகையைத் தேர்ந்தெடுங்கள். என்னிடம் 14.2, தாங்குவது 13.5. சூட்டுக்கான குறைப்பு இருக்கக் கூடாது. ஈக்குவலைசேஷன் என்ற அதிவோல்ட்டேஜ் கட்டம் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். அது ஈய அமிலத்துக்கான வைத்தியம், லித்தியத்துக்கு விஷம். பேட்டரியோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள், என் எண்ணை அல்ல.

வெயில் கொளுத்துகிறது, ஆப்பில் 15 வாட் என்று காட்டுகிறது. பழுதா?

பேட்டரி நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். நிறைந்தபின் கன்ட்ரோலர் தேவைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளும். என் தங்கை கணவர் இதற்காகத் தகட்டைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார், பாவம். சந்தேகமாக இருந்தால் இன்வர்ட்டரில் ஒரு மேசைக் காற்றாடியைப் போட்டுப் பாருங்கள், வாட் உடனே ஏறும்.

410 வாட் தகடு உண்மையில் எவ்வளவு தருகிறது?

தெளிந்த மதியத்தில் 350 வாட்டை ஒட்டி. சூட்டால் மிச்சம் போகிறது. பெரிய வெள்ளை மேகத்தின் ஓரத்திலிருந்து சூரியன் எட்டிப்பார்க்கும் சில நொடிகளில் 410ஐயும் தாண்டும், மேகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்ந்துகொள்வதால். அதனால் ஃபியூஸைத் தகட்டின் ஆம்பியருக்குச் சரிக்குச் சரியாகப் போடாமல் கால் பங்கு கூட்டியே போட வேண்டும்.

ஒரு முழு நாளில், எல்லாவற்றையும் பயன்படுத்த ஆள் இருந்தால், 1.4 யூனிட் (1,400 வாட் மணி) வரை எடுத்திருக்கிறேன். செப்டம்பர், அக்டோபரில் காலையிலிருந்தே மழை பிடித்தால் 0.3தான். புகைமூட்டம் வேறு. 2019 செப்டம்பரில் வானம் சாம்பலாக இருந்த வாரங்களில் அப்போதிருந்த சின்னத் தகடுகள் பாதியும் தரவில்லை. தகட்டில் படியும் தூசியைத் துடைத்துப் பார்த்தேன், கொஞ்சந்தான் வித்தியாசம். ஒளியே கீழே வராதபோது எந்தக் கன்ட்ரோலரும் உதவாது. தைப்பூச மாதங்களில், ஜனவரி பிப்ரவரியில், எங்களுக்கு நல்ல வெயில். அப்போது இதே பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்மலை முருகன் கோயில் பாதையில் எங்கள் தண்ணீர்ப்பந்தலுக்கு விளக்குப் போடுகிறோம்.

கன்ட்ரோலரை எங்கே மாட்டுவது?

வெயில் படாத சுவரில், நிமிர்த்தி, கம்பி முனைகள் கீழே பார்க்கும்படி. மேலும் கீழும் 10 சென்டிமீட்டர் காலியிடம் விடுங்கள். 40 டிகிரிவரைதான் இது முழு ஆம்பியர் தரும். அதற்கு மேல் தானே குறைத்துக்கொள்ளும். துத்தநாகக் கூரைக்கு நேர் கீழே மாட்டியிருந்த முதல் மாதத்தில் மதியம் இரண்டு மணிக்கு வாட் இறங்குவதைப் பார்த்தேன். சுவரில் இடுப்பளவுக்கு இறக்கியதும் சரியானது. ஈய அமில பேட்டரிக்கு நேர் மேலே மாட்டவே கூடாது, அதன் ஆவி செம்பை அரிக்கும். இது மழை நீர் தாங்கும் பெட்டியும் அல்ல. பல்லியும் எறும்பும் சூடு தேடி வரும், மாதம் ஒருமுறை பார்த்துத் துடையுங்கள்.

கம்பி எவ்வளவு தடிமன்? பிரேக்கர் எது?

கன்ட்ரோலரையும் பேட்டரியையும் ஒரு மீட்டருக்குள் வையுங்கள். 30 ஆம்பியர் கரண்ட் 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 5 மீட்டர் போய்வந்தால் சுமார் 0.9 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். பேட்டரி இன்னும் 13.3இல் இருக்கும்போதே கன்ட்ரோலர் 14.2 வந்துவிட்டதாக நினைத்து மெதுவாக்கிவிடும். நீளமான ஓட்டம் வேண்டுமென்றால் அது தகட்டுப் பக்கம் இருக்கட்டும். அங்கே வோல்ட்டேஜ் அதிகம், ஆம்பியர் குறைவு. பேட்டரிப் பக்கம் நான் போட்டிருப்பது 16 சதுர மில்லிமீட்டர். இந்தக் கன்ட்ரோலரின் முனை கொள்ளும் அளவும் அதுதான்.

பிரேக்கர் விஷயத்தில் தயவுசெய்து என் பேச்சைக் கேளுங்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் வீட்டு ஏசி (மாறுதிசை மின்சார) பிரேக்கரைத் தகட்டுக் கம்பியில் போடாதீர்கள். ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழிக்கு (பூஜ்யத்துக்கு) வந்து போகிறது. பிரேக்கர் திறக்கும்போது எழும் தீப்பொறி அப்போது தானாக அணையும். டிசிக்குச் சுழி கிடையாது, பொறி எரிந்துகொண்டே இருந்து பிளாஸ்டிக்கை உருக்கும். டிசி என்று குறித்த பிரேக்கர் வாங்குங்கள், நேர்முனை எதிர்முனை பார்த்து மாட்டுங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும்.

மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு தகடு. கழற்றும்போது முதலில் தகடு.

இன்னும் இரண்டு தகடு சேர்க்கலாமா?

என்னுடையதைப் போன்ற தகட்டின் திறந்த வோல்ட்டேஜ், அதாவது கம்பி எதுவும் மாட்டாமல் அளந்தால் வருவது, சுமார் 37. இரண்டைத் தொடராக இணைத்தால் 74, சரி. மூன்றைத் தொடராக இணைத்தால் 111, கன்ட்ரோலர் எரிந்துபோகலாம். ஆம்பியர் கூடினால் அது தானே 30இல் நிறுத்திக்கொள்ளும், வோல்ட்டேஜ் கூடினால் தாங்காது. இரண்டு தகட்டின் முழுப் பலன் வேண்டுமென்றால் பேட்டரியை 24 வோல்ட் ஆக்க வேண்டும்.

மின்கட்டணம் எவ்வளவு குறையும்?

நான் மாதம் 20 யூனிட் இதில் எடுக்கிறேன். 2025 ஜூலைக்கு முன்பிருந்த டிஎன்பி மின்வாரியக் கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் 21.8 சென். அதாவது மாதம் 4 வெள்ளி (ரிங்கிட்) 36 சென். கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்றால் பேட்டரி அமைப்பு அதற்கான வழி அல்ல. டிஎன்பி கம்பியோடு இணைக்கும் கூரைச் சோலார்தான் வழி. அதைச் சேடா என்ற அரசு எரிசக்தி அமைப்பில் பதிவு பெற்றவர்கள்தான் போட வேண்டும்.

ஆனால் ஒன்று. பேட்டரி இல்லாத அந்த வகை, தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் தொழிலாளிக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். கூரை நிறையத் தகடு இருந்தும் வீடு இருட்டாக இருக்கிறதே என்று என்னிடம் ஓர் அக்கா அழாத குறையாகக் கேட்டார். போட்டவர்கள் அவரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இடி மின்னலுக்கு என்ன செய்வது?

தகட்டுச் சட்டத்தைத் தகுதி பெற்ற மின் பணியாளரை வைத்து எர்த் செய்யுங்கள், டிசி சர்ஜ் தடுப்பான் ஒன்று போடுங்கள். பக்கத்தில் விழும் இடியின் அதிர்வை அது தாங்கும். நேராக விழுந்தால் எதுவும் தாங்காது.

ஏர்கான், அரிசிக் குக்கர் ஓடுமா?

இந்த அளவில் ஓடாது. மோட்டார், ஹீட்டர் உள்ள எதையும் மாட்டுமுன் அதன் பின்புறம் உள்ள வாட்டைப் பாருங்கள்.

எனக்கு எது வாங்கலாம் என்று சொல்வீர்களா?

சொல்கிறேன். வருமுன் மூன்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள்: கரண்ட் போனால் கட்டாயம் ஓட வேண்டியவை எவை, ஒவ்வொன்றும் எத்தனை வாட், எத்தனை மணி நேரம். தகடு ஏற்கெனவே இருந்தால் அதன் பின்புறம் ஒட்டியிருக்கும் தாளைப் போனில் படம் எடுத்து வாருங்கள். வீட்டில் மூச்சுக் கருவியோ இன்சுலின் வைக்கும் குளிர்பெட்டியோ இருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள். கணக்கை அதிலிருந்துதான் ஆரம்பிப்போம்.